அம்மாவின் புது பல்செட்

அம்மாவுக்கு 71 வயது. வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. பழைய பல்செட்டில் கீழ்செட் ஆட ஆரம்பித்ததும் சாப்பாடு இட்லி, குழைந்த ரசம் சாதம் என்று சுருங்கிவிட்டது. விசேஷ வீடுகளுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். புதுசு செய்துவிடலாம் என்று கிளம்பி, "எல்லாமே கம்ப்யூட்டர்தான், அளவெடுக்க வாயில் மாவு வைக்கிற தொல்லையே இல்லை" என்று சொன்ன ஒரு கிளினிக்குக்கு முதலில் போனோம். மேல், கீழ் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தோம்.

வாய்க்குள் ஒரு ஸ்கேனரை விட்டு ஓட்டினார்கள். பத்து நிமிடம்தான். ஈறு முழுக்கத் திரையில் வண்ணப் படமாக வந்ததைப் பார்த்து நானும் அசந்துபோனேன். போட்டுப் பார்க்க டிரயல் எதுவும் இல்லாமல் நேராகவே செட் வந்தது. வாயை மூடியிருந்தால் கச்சிதம். கொட்டாவி விட்டால் கீழ்செட் மேலே எழும்பியது, நாக்கை நீட்டினால் கழன்றது. இரண்டு முறை ராவிக் கொடுத்தும் சரிவரவில்லை. "இனிமே எனக்கு இவ்வளவுதான்டா" என்று அம்மா சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் செயற்கைப் பல் துறையிலேயே மேற்படிப்பு படித்தவர். பல் போன பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே வருமாம். அதிலும் கீழ்த்தாடை, மேல்தாடையைவிடச் சுமார் 4 மடங்கு வேகமாகக் கரையும். அப்படித் தேய்ந்த தாடையில் செட் நிற்க வேண்டும் என்றால் அதன் விளிம்பு கன்னம், உதடு, நாக்கு இவற்றின் அசைவுக்கு ஒத்துப்போக வேண்டும். "ஸ்கேனர் ஈறுகளின் வடிவத்தை நல்லாவே எடுக்கும். தசை எவ்வளவு தூரம் வந்து தள்ளும்னு அதுக்குத் தெரியாது" என்றார்.

அதனால் அளவை அவர் கையால்தான் எடுத்தார். அம்மாவின் வாய்க்கென்றே ஒரு தட்டு செய்து, பச்சை நிறக் குச்சி ஒன்றை விளக்கில் காட்டி இளக்கி, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, வெந்நீரில் முக்கி வாயில் வைத்தார். "உதட்டைக் குவிங்கம்மா. நாக்கை இந்தக் கன்னத்துப் பக்கம் தள்ளுங்க. இப்ப அந்தப் பக்கம்." ஒவ்வொரு அசைவுக்கும் அந்தப் பச்சை விளிம்பு மழுங்கி வளைந்தது. இரண்டு தாடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் கிராம்பு வாசனை அடிக்கிற ஒரு பேஸ்ட். அது இறுகியதும் நாக்கை நீட்டச் சொன்னார். கீழ்த்தட்டு நகரவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் வேலை அதற்கப்புறம்தான். அந்த அளவையும், இரண்டு தாடையும் எப்படிச் சேர்கின்றன என்று கடிக்கவைத்துப் பார்த்த மெழுகையும் லேபில் ஸ்கேன் செய்து, திரையிலேயே பல் அடுக்கி, முப்பரிமாண பிரிண்டரில் ஒரு வெள்ளை டிரயல் செட் எடுத்தார்கள். போட்டுக்கொண்டு "சரஸ்வதி" என்று சொன்னால் காற்று சீறியது. பற்களும் சீப்பு மாதிரி ஒரே வரிசை, அது அம்மாவின் சிரிப்பாகவே இல்லை. கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். அதில் ஒரு பல் லேசாகப் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். லேப் டெக்னீஷியன் முன்பற்களைச் சற்று உள்ளே தள்ளி, அந்த ஒரு பல்லையும் அதே போல் திருப்பி, மறு டிரயல் அனுப்பினார்.

பற்கள் பதிந்திருக்கும் அடித்தளம் 1930-களிலிருந்து பல்செட்டுக்குப் பயன்படும் அதே அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். முன்பெல்லாம் அதை அச்சில் அடைத்து வெந்நீரில் வேகவைப்பார்கள். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். இப்போது தொழிற்சாலையில் ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக் வட்டு ஒன்றை மெஷினில் கடைந்து எடுப்பதால் அந்தச் சுருக்கம் கிடையாது. கடைசியாக நீலத் தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, தூக்கலான இடங்களை டாக்டர் கையாலேயே ராவினார்.

'டிஜிட்டல் பல்செட்' என்று யாராவது சொன்னால், விளிம்பை எப்படி அளவெடுப்பீர்கள், டிரயல் உண்டா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். முதலில் நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு கல்யாணத்தில் அம்மா வடையைக் கடித்துச் சாப்பிட்டார். பிறகு கீழ்செட்டைக் கழற்றித் தாளில் சுற்றி இலை ஓரம் வைத்தவர் மறந்துவிட, அது இலையோடு போய்விட்டது. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். லேபில் ஃபைல் அப்படியே இருந்தது. புதிதாக அளவெடுக்காமலே ஆறாம் நாள் இன்னொரு கீழ்செட் கைக்கு வந்தது.