அல்காரிதத்தைத் திட்டுபவர்கள் கவனத்துக்கு

பதிவு போட்டால் பத்துப் பேருக்குக்கூடப் போய்ச் சேருவதில்லை, எல்லாம் இந்த அல்காரிதம் செய்யும் வேலை என்று நேற்று நண்பர் ஒருவர் புலம்பினார். நீங்கள் திட்டுவது ஒரு மனிதரின் பெயரை என்று சொன்னதும் முழித்தார்.

9ஆம் நூற்றாண்டில், கலீஃபா அல் மஃமூன் காலத்து பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி. இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடுவது பற்றி அவர் எழுதிய நூல் 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது, பெயர் 'அல்கோரித்மி' ஆகிவிட்டது. இன்னொரு நூலின் தலைப்பில் இருந்த 'அல் ஜப்ர்'தான் நம் அல்ஜீப்ரா.

அந்த நூலில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எக்ஸ், ஒய் எதுவும் கிடையாது, எல்லாம் வார்த்தைகளில்தான். ஒரு சதுரம், அதன் வேரைப்போல் (அதாவது பக்க நீளத்தைப்போல்) பத்து மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 39. வேர் எவ்வளவு?

மனிதர் ஒரு சதுரம் வரைகிறார். பத்தைப் பாதியாக்கி, 5 அகலத்தில் இரண்டு பட்டைகளை அடுத்தடுத்த பக்கங்களில் ஒட்டுகிறார். மூலையில் 5க்கு 5 இடம் காலியாக நிற்கிறது. அந்த 25ஐயும் சேர்த்தால் 64. அப்படியென்றால் பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஒட்டிய 5ஐக் கழித்தால் 3. அவ்வளவுதான்!

பள்ளியில் எனக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, இந்தப் படத்தை யாரும் போட்டுக் காட்டவில்லை. இத்தனைக்கும் அவர் எழுதியது பண்டிதர்களுக்காக மட்டும் அல்ல. நூலின் கணிசமான பகுதி சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் கணக்குகள்.

அப்புறம், நண்பரின் அந்தப் பதிவுக்கு இதுவரை நான் ஒருவன்தான் லைக் போட்டிருக்கிறேன்.