தாங்கியைக் கிளப்பினோம், எண்ணெய் மண்ணிலேயே நின்றது

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் எங்கள் வளவு. சண்டைக்காலத்தில் அதன் பின்மூலையில் இரண்டு டீசல் தாங்கிகள் புதைக்கப்பட்டிருந்தன. வன்னிக்குள் எரிபொருள் வரத் தடை இருந்த காலம். சனம் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டியது. 2010இல் மீளக்குடியேறியபோது பழைய இரும்பு எடுக்க வந்தவர்களிடம் தாங்கிகளைக் கொடுத்தோம். கிடங்கை மூடினோம். அத்தோடு அலுவல் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

பல வருடம் கழித்து ஒரு மாரியில் தேத்தண்ணியை வாயில் வைத்த அம்மா, "இதென்ன தம்பி, மண்ணெண்ணெய் மணக்குது" என்றார். கோடையில் அந்த மணம் இல்லை, அடுத்த மாரியில் திரும்ப வந்தது. டீசல் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. நிலத்தடி நீரின் மேல் மிதந்து, நீர் ஏறி இறங்கும் உயரம் முழுவதும் மண்ணில் பூசிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு வரும். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதல் தடவை சோடாப் போத்தலில் அரைவாசி கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுக்கப் பஸ் ஏறினேன். முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தது. வீடே நிம்மதியாகத் தூங்கியது. அந்த முடிவைப் பார்த்த சுற்றாடல் உத்தியோகத்தர், "தம்பி, இதை நம்பிக் குடிக்காதேங்கோ" என்றார். எண்ணெயிலிருந்து தண்ணீரில் கரையும் பென்சீன் போன்ற நச்சுப் பொருட்கள் போத்தலின் வெற்றிடத்துக்குள் ஆவியாகிப் போய்விடுமாம். 'எண்ணெயும் கிரீசும்' என்ற சோதனையும் போதாது. அதில் கரைப்பானை ஆவியாக்கும்போதே இலேசான பொருட்களும் போய்விடும். பென்சீனைத் தனியாகக் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவே லீற்றருக்கு 0.01 மில்லிகிராம்தான்.

இரண்டாம் தடவை 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகள். விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்ப்போம். ஒரு குமிழி தெரிந்தாலும் புதிதாக எடுத்தோம். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோனோம். அதற்கு முன் அந்த உத்தியோகத்தர் ஒன்று கேட்டார்: கிணற்றடியில் இருக்கும் மண்ணெண்ணெய் மோட்டர் ஒழுகியிருந்தால்? நியாயமான கேள்வி. மோட்டருக்குக் கீழே வெட்டிப் பார்த்தோம், கறை அரை அடியோடு நின்றது.

பழைய கிடங்கைத் துளைக்க முன் கண்ணிவெடி அலுவலகத்தில் கேட்டே ஆகவேண்டும். எங்கள் காணி துப்புரவானது என்று கடிதம் இருந்தது. ஆனாலும் அது மேல்மண்ணுக்குத்தான், ஆழம் போவதென்றால் திரும்பப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஒரு மாதம் போனது. அதைத் தவிர்க்க நினைக்கவே கூடாது. கையால் சுற்றும் துளைப்பானில் ஆறடிவரை வெறும் செம்மண். ஒன்பதாவது அடியில் அதே மண் சாம்பல் நிறமாக, டீசல் மணத்தோடு வந்தது.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மூன்று கிணறு வேண்டும். எங்களுடையது ஒன்று, அயலில் இரண்டு. மேசன்மார் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் ரியூப் மட்டத்தால் கிணற்றுக்கட்டுகளின் உயரத்தை ஒப்பிட்டு, நீர்மட்டத்தை நூல் விட்டு அளந்தோம். கிடங்கிலிருந்து நீர் இறங்கும் நேர்வழியில் பக்கத்து வளவு அக்காவின் கிணறு இருந்தது. அதைச் சொல்லப் போனதுதான் இந்த அலுவலிலேயே எனக்குப் பாரமான நேரம். மூன்று சின்னப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். "கொதிக்கவைத்தால் போகாதோ?" என்று கேட்டார். போனாலும் அந்த ஆவி குசினிக்குள்தான் நிற்கும், குளோரினும் இதற்கு உதவாது என்றேன்.

முடிவு வந்தபோது எங்கள் கிணற்றிலும் அக்காவின் கிணற்றிலும் பென்சீன் அளவுக்கு மேல். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கலந்த கிணறுகளுக்காவது 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. எங்கள் தாங்கிகளுக்குப் பொறுப்புச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

மணத்த மண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றி, மேட்டில் பொலித்தீன் விரித்துப் பரப்பினோம். மாட்டெரு கலந்து கிழமைக்கொருக்கால் புரட்டுகிறோம், மழைக்கு மூடுகிறோம். குடிக்கப் பிரதேச சபையின் பவுசர் தண்ணீர் வருகிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் மூன்று கிணற்றிலும் திரும்ப மாதிரி எடுப்போம். அதுவரை அக்கா ஒவ்வொரு ஞாயிறும் நூல் விட்டுத் தன் கிணற்றின் மட்டத்தை அளந்து, மகனின் பழைய கொப்பியில் எழுதிவைக்கிறார்.