சான்றிதழ் இல்லாத வேலையை முதலில் எழுதினேன்

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன் என்றதும் சிவகங்கைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்க இன்ஜினியரிங் உண்டா?" என்பதுதான். பெரும்பாலானவற்றில் கிடையாது. இளநிலைப் படிப்புக்காகவே நடக்கும் சிறிய கல்லூரிகள் அவை. பலவற்றில் மொத்த மாணவர்களே இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். கணக்கையும் வரலாற்றையும் சேர்த்தே படிக்கலாம். வில்லியம்ஸ் கல்லூரியில் ட்யூட்டோரியல் என்று ஒரு முறை உண்டு. ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வருவார், மற்றவர் அதை அலசுவார். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தப் படிப்பின் மேல்தான் ஆசை.

ஆனால் ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கு இடம் கிடைப்பதே அதிகம். விண்ணப்பிக்கும் எல்லாரிடமும் நல்ல மதிப்பெண் இருக்கும். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்?

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைச் சொல்ல 10 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று பலர் சொன்னார்கள். காசு கட்டினால் ஆய்வுக் கட்டுரையே எழுதவைத்துத் தரும் பயிற்சிகள்கூட இருக்கின்றன. அந்த வழி எனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அங்கே விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த மாதிரிச் சான்றிதழ்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். நான் முதலில் எழுதியது எங்கள் ஊர்க் கண்மாய் நோட்டைப் பற்றி. எந்த மடை எப்போது திறந்தது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் பாய்ந்தது என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து குறித்துவந்த நோட்டு அது. அதற்குச் சான்றிதழ் தர யாரும் இல்லை.

650 சொற்களுக்குள் எழுத வேண்டிய கட்டுரையும் அதிலிருந்தே வந்தது. மழை குறைந்த ஒரு வருடம் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி கடைமடை வயல்களுக்கு முதலில் தண்ணீர் விட்டார். "ஏன் தாத்தா?" என்று கேட்டேன். "முதல் மடைக்காரன் கசிவுலயே பொழச்சுக்குவான் தாயி. கடைசிக்காரனுக்கு அதுவும் இல்லையே" என்றார். எல்லாருக்கும் சம நேரம் விட்டால் எல்லாருக்கும் சம தண்ணீர் போகுமா என்று என் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். போகாது. வாய்க்காலிலேயே பாதி வழியில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது என்று அளக்க முயன்றேன். நியாயமான பங்கு என்பதைக் கணக்கால் மட்டும் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வியோடு கட்டுரையை நிறுத்தினேன். கண்மாயின் பழமை, ஊரின் பெருமை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த இடத்தில் நான் எப்படி யோசிக்கிறேன் என்பது தெரிய வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத்தான் நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது. 'இவர் ஒழுக்கமும் கடின உழைப்பும் உள்ள மாணவி' என்று நம் பள்ளிகளில் தரும் கடிதம் அங்கே எதையும் சொல்லாது. கணக்கு சாரிடம் போய், வகுப்பில் நடந்த ஏதாவது ஒரு சம்பவத்தை எழுதித் தர முடியுமா சார் என்று கேட்டேன். ஒருநாள் அவர் போட்ட நிகழ்தகவுக் கணக்கை நான் வேறு வழியில் போட்டதையும், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்ததையும் அவருடைய எளிய ஆங்கிலத்திலேயே எழுதினார். அதற்கு மேல் எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை.

விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய குறிப்பையும் அனுப்ப வேண்டும். அதை எழுத எங்கள் பள்ளியில் கவுன்சலர் கிடையாது. தலைமையாசிரியர் அம்மாவே அந்தப் பொறுப்பை ஏற்றார். பள்ளியைப் பற்றிய குறிப்பில், இங்கே விவாத மன்றம் இல்லை, ஆய்வகம் ஒன்றுதான், பிளஸ் டூ முடித்தவர்கள் பெரும்பாலும் எங்கே போகிறார்கள் என்பதையெல்லாம் அப்படியே எழுதச் சொல்லிக் கேட்டேன். கையில் இருந்த வாய்ப்பை வைத்து என்ன செய்தோம் என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். அதனால் இல்லாததை மறைப்பதில் லாபமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். ஆம்ஹெர்ஸ்ட், பௌடன் போன்ற மிகச் சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் தருகின்றன. மற்ற பல இடங்களில் எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதும் முடிவைப் பாதிக்கும். அப்பாவுக்கு உரக்கடையில் வேலை. சம்பளச் சான்று, நிலப் பத்திரம் எல்லாவற்றையும் வைத்து குடும்ப வருமானத்தையும் சொத்தையும் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்தை உள்ளது உள்ளபடி நிரப்பினோம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்டு எழுதினேன், கிடைத்தது.

அயோவா மாநிலத்தில் இருக்கும் கிரின்னெல் கல்லூரியின் நேர்காணல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே முதலாண்டு ட்யூட்டோரியல் என்ற சிறு வகுப்பு ஒன்றைத் தவிர எல்லாருக்குமான கட்டாயப் பாடமே கிடையாது. அயோவாவின் சோள வயல்களில் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, தேங்கும் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். எங்கள் ஊரில் தண்ணீரைத் தேக்கப் பாடுபடுகிறோம், அங்கே வடிக்கப் பாடுபடுகிறார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஆற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். பேச்சு அதிலேயே நேரம் முடியும்வரை போனது.

சில இடங்களில் இல்லை என்றார்கள், ஒரு இடத்தில் காத்திருப்போர் பட்டியல். கிரின்னெல் இடமும் உதவித்தொகையும் தந்தது. உங்களுக்கும் அப்படிக் கடிதம் வந்தால், மருத்துவக் காப்பீடு, விமானக் கட்டணம், விடுமுறையில் தங்கும் செலவு ஆகிய மூன்றும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். சேர்க்கையை உறுதி செய்வதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.