பந்திப்பூர் வழியே ஊட்டிக்கு: போன் மேப்பை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது

மைசூரிலிருந்து ஊட்டிக்கு மேப்பில் வழி கேட்டால் இரண்டு கோடுகள் விழும். முதலாவது குண்டல்பேட், பந்திப்பூர், தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம் வழியாகப் போகும். சுமார் 155 கிலோமீட்டர். இரண்டாவது தெப்பக்காட்டில் இடதுபக்கம் பிரிந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறும். சுமார் 125 கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டர் மிச்சமாகிறதே என்று பலரும் இரண்டாவதைத் தொட்டுவிடுகிறார்கள். அந்த மிச்சத்துக்குள்ளே 36 கொண்டை ஊசி வளைவுகளும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றமும் இருப்பதைக் கோடு சொல்லாது.

போன் வழிகாட்டுவதில் மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன. நாம் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக் கண்டுபிடிப்பது ஒன்று. அந்த இடத்தைச் சாலைப் படத்தின் மேல் பொருத்துவது இன்னொன்று. எந்தச் சாலையில் போகலாம், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவது மூன்றாவது. முதல் வேலைக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. இரண்டாவதற்குப் படம் போனுக்குள் இருந்தால் போதும். மூன்றாவதை நெரிசல் நிலவரத்தோடு செய்யத்தான் டேட்டா வேண்டும், டேட்டா இருந்தாலும் அதில்தான் தவறு அதிகம். இந்தப் பாதையில் மூன்றும் வெவ்வேறு இடங்களில் தடுமாறும். எது தடுமாறுகிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். “மேப் வேலை செய்யவில்லை” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் காட்டு நடுவே வண்டியை நிறுத்தத்தான் தோன்றும். புலிகள் காப்பகத்தில் அதற்கு அனுமதி இல்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவே படத்தை இறக்கிவிடுங்கள். கூகுள் மேப்ஸில் மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப் என்ற வரி வரும். அதில் சொந்தமாகப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. திரையில் தெரியும் கட்டத்துக்குள் வடக்கே மைசூரும் தெற்கே மேட்டுப்பாளையமும் மேற்கே கூடலூரும் அடங்கும்படி விரலால் இழுத்துச் சரிசெய்யுங்கள். எத்தனை எம்.பி. ஆகும் என்று அங்கேயே காட்டும். வைஃபையில் இறக்கினால் மொபைல் டேட்டா செலவாகாது. கிளம்பும் இடமும் சேரும் இடமும் அந்தக் கட்டத்துக்குள் இருந்தால்தான் ஆஃப்லைனில் வழி வரும். பலர் ஊட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு நடுக்காட்டில் திண்டாடுவது இதனால்தான். இறக்கியாயிற்றா என்று சோதிக்க ஏரோப்ளேன் மோடைப் போட்டு மைசூர்–ஊட்டி வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால் காட்டிலும் வரும்.

ஆஃப்லைனில் கிடைப்பது கார் வழி மட்டும்தான். நடைவழி, பஸ், நெரிசல் நிலவரம், மாற்றுவழி எதுவும் வராது. அதனால் இரண்டாவதாக ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியையும் ஏற்றி வையுங்கள். இரண்டும் பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசப் படத்தின் தரவை வைத்து முழுக்க ஆஃப்லைனிலேயே ஓடுபவை. ஒன்று காட்டும் சந்து இன்னொன்றில் இல்லையென்றால் அந்தச் சந்தில் நுழைய வேண்டாம்.

இன்னொன்றையும் வீட்டிலேயே முடிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். பாஸில் இருக்கும் க்யூ.ஆர். கோடைச் செக்போஸ்ட்டில் ஸ்கேன் செய்வார்கள். எல்லைச் செக்போஸ்ட்டில் டேட்டா கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செயற்கைக்கோள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் போனால் இடத்தைக் கணக்கிட முடியும். இப்போதைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும். சில போன்கள் நம் நாட்டின் நாவிக் அமைப்பையும் பிடிக்கும். திறந்த வானத்தின் கீழே சாதாரண போனின் பிழை சுமார் 5 மீட்டர். பிரச்சினை முதல் முறை பிடிப்பதில்தான். ஒவ்வொரு கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். டேட்டா இருக்கும்போது போன் அந்த விவரத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால் சில விநாடியில் நீலப்புள்ளி வந்துவிடும். டேட்டா இல்லையென்றால் வானத்திலிருந்து வருவதைத்தான் முழுதாகக் கேட்டாக வேண்டும். நடுவில் மரக்கிளையோ வளைவோ மறைத்தால் கேட்டது அறுந்துபோகும், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதன் நடைமுறை அர்த்தம்: குண்டல்பேட்டைத் தாண்டுவதற்கு முன்பே லொகேஷனை ஆன் செய்து வழிகாட்டலைத் தொடங்கிவிடுங்கள், காடு முடியும்வரை நிறுத்தாதீர்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பந்திப்பூரில் அணைத்துவிட்டு தெப்பக்காட்டில் போட்டால் புள்ளி வர நிமிடக்கணக்கில் ஆகலாம். பந்திப்பூர்ப் பக்கம் வறண்ட இலையுதிர் காடு, கோடையில் வானம் நன்றாகத் தெரியும். கூடலூர் நெருங்க நெருங்க மழையும் பச்சையும் கூடும், தலைக்கு மேலே இலைக்கூரை அடர்ந்துவிடும். தொடர்ந்து ஓடும் போனுக்கு அது பொருட்டில்லை. புதிதாக ஆன் செய்த போனுக்குத்தான் கஷ்டம். பேட்டரி சேவர் மோடு திரை அணைந்ததும் லொகேஷனைக் கட்டுப்படுத்தும் என்பதால் அதையும் எடுத்துவிடுங்கள்.

குண்டல்பேட் வரை சமவெளி வெயில். டாஷ்போர்டின் மேல் கண்ணாடியை ஒட்டி வைத்த போன், சார்ஜும் ஏறிக்கொண்டு ஜி.பி.எஸ்.ஸும் ஓடிக்கொண்டிருந்தால் கொதித்துவிடும். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் போனே அணையும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலையே 35 டிகிரி வரைதான். ஏ.சி. காற்று வரும் துளையில் மாட்டும் தாங்கி இதற்கு நல்லது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம். கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித்திருத்தம் இடம் தருகிறது. எப்படியும் மலையில் திரையைப் பார்க்க நேரம் இருக்காது. குரலைத் தமிழில் வைத்து, ஒலியைக் கூட்டிவிடுங்கள்.

பந்திப்பூர், முதுமலைச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். பந்திப்பூரில் 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. காட்டு விலங்குகள் வண்டியில் அடிபடுவதைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு முழுக்க நியாயமானது. வந்துசேரும் நேரத்தைச் செயலி கணிக்கும்போது இந்த இரவு மூடலைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைசூரில் மாலை 7:30-க்கு வழி கேட்டாலும் அது ஒரு நேரம் சொல்லும். குண்டல்பேட்டே 60 கிலோமீட்டர். அதற்கு மேல் செக்போஸ்ட்டை 9 மணிக்குள் தாண்டுவது மிகவும் கடினம்.

நெரிசல் நிறத்தையும் இங்கே வேறு மாதிரி படிக்க வேண்டும். சாலையில் போகும் மற்ற போன்கள் அனுப்பும் வேகத்தை வைத்துத்தான் சிவப்பும் ஆரஞ்சும் வருகின்றன. டேட்டா இல்லாத காட்டில் எந்தப் போனும் எதையும் அனுப்பாது. சிவப்பு இல்லை என்பதற்குச் சாலை காலி என்று பொருளில்லை. யானை குறுக்கே நின்று இருபக்கமும் வண்டிகள் வரிசைகட்டியிருந்தாலும் மேப் சாதாரணமாகவே இருக்கும்.

தெப்பக்காட்டில்தான் முடிவெடுக்க வேண்டும். கல்லட்டிச் சாலையில் வெளி மாவட்ட வண்டிகள் ஊட்டியிலிருந்து இறங்க விடுவதில்லை. டி.என்.43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்குத்தான் அந்தச் சலுகை. ஏறுவதும் அந்தந்த நேரத்து போலீஸ் ஏற்பாட்டைப் பொறுத்தது, செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். மலை ஓட்டிப் பழகாதவருக்கும் ஆள் நிறைந்த சின்ன காருக்கும் கூடலூர் வழியே சரி என்பது என் உறுதியான கருத்து. செயலி விடாமல் கல்லட்டிக்கே இழுக்கும். எரிபொருள் மிச்சமாகும் வழிக்கு முன்னுரிமை என்ற அமைப்பு ஆனில் இருந்தால் இன்னும் இழுக்கும். முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். பிறகு ஊட்டியை இலக்காக வைக்காமல் கூடலூரை வையுங்கள். கூடலூர் போய்ச் சேர்ந்த பிறகு ஊட்டியைப் போட்டால் நடுவட்டம் வழி தானாக வரும்.

எந்த வாகனத்துக்கான வழி என்பதையும் ஒருமுறை பாருங்கள். இந்தியாவில் கூகுள் மேப்ஸில் டூவீலருக்குத் தனி வழி உண்டு. ஊருக்குள் பைக்கில் போனவர் அதை மாற்றாமல் காரில் கிளம்பினால், கார் நுழையாத சந்துகளுக்கும் அது கூட்டிப்போகும். 2024 ஜனவரியில் கூடலூரில் சொகுசு கார் ஒன்று மேப்பைப் பார்த்துக்கொண்டே போய்ப் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. மலையூரில் இரண்டு தெருக்களைப் படிக்கட்டு இணைப்பது சகஜம். படத்தில் அதுவும் ஒரு கோடுதான்.

கொண்டை ஊசி வளைவில் புள்ளி குழம்புவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வளைவின் இரண்டு கரங்களும் மேலும் கீழுமாக, படத்தில் இருபது முப்பது மீட்டர் இடைவெளியில் கிடக்கும். ஒருபக்கம் செங்குத்துப் பாறை வானத்தில் பாதியை மறைக்கும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பிச் சுற்றிவந்து போனை அடையும்போது, தூரம் கூடுதலாகத் தெரிந்து பிழை 5 மீட்டரிலிருந்து 20, 30 ஆகிவிடும். செயலியோ புள்ளியை எப்போதும் ஏதாவது சாலையின் மேல்தான் ஒட்டவைக்கும். பிழையோடு வந்த இடத்துக்கு மேல்கரம் பக்கம் என்றால் அங்கே ஒட்டிவிடும். நாம் கீழ்க்கரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறோம். அது நாம் மேலே இருந்து இறங்குவதாக நினைத்து “யூ டர்ன் எடுக்கவும்” என்கிறது. எடுக்காதீர்கள். பிரிவுச் சாலை இல்லாத மலைப்பாதையில் வழி ஒன்றுதான். அடுத்த நேரான பகுதியில் தானே சரியாகிவிடும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாகிறது என்றால் பிழை கூடியிருக்கிறது என்று பொருள். வட்டம் சுருங்கும்வரை குரலைப் பொருட்படுத்த வேண்டாம். வழக்கமான ஜி.பி.எஸ். அலைவரிசையோடு எல்5 என்ற இன்னோர் அலைவரிசையையும் பிடிக்கும் போன்களில் இந்தக் குழப்பம் குறைவு.

வளைவுகளில் எண் எழுதிய பலகை இருக்கும். வண்டி நின்றுபோய் உதவி கேட்க நேர்ந்தால் அந்த எண்ணைச் சொல்வதுதான் மிக வேகமான முகவரி. இல்லையென்றால் நீலப்புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இடத்தைக் குறிக்கும் ஊசி (பின்) விழுந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தெரியும். லைவ் லொகேஷன் டேட்டா போனதும் உறைந்துவிடும், ஆனால் டேட்டா வராத இடத்திலும் எஸ்.எம்.எஸ். பல சமயம் போகும். தசமப்புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் அனுப்பினால் 11 மீட்டர் துல்லியம், ஐந்து அனுப்பினால் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஊட்டி என்றால் 11.4 சொச்சம் முதலில், 76.7 பிறகு. மாற்றிப் போட்டால் பின் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுக்கு அருகே கடலில் விழும்.

விடுதியைத் தேடும்போதும் இந்த எண்கள்தான் காப்பாற்றும். வளாகத்தின் நடுவில் பின் குத்தியிருந்தால், செயலி அந்தப் பின்னுக்கு நேர்கோட்டில் எந்தச் சாலை பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். சமவெளியில் அது பின்வாசலாக இருக்கும். நீலகிரியில் அது தேயிலைச் சரிவின் அடியில் ஓடும் வேறு சாலையாக இருக்கும். இலக்கு வந்துவிட்டது என்று குரல் சொல்லும்போது விடுதி தலைக்கு மேலே ஐம்பது மீட்டர் உயரத்தில் தெரியும். அதனால் முன்பதிவு செய்யும்போதே வாசல் கேட்டின் லொகேஷனைக் கேட்டு வாங்குங்கள். மேப்பில் டெரெய்ன் (நில அமைப்பு) அடுக்கைப் போட்டால் உயரக்கோடுகள் தெரியும். பின்னுக்கும் சாலைக்கும் நடுவே கோடுகள் நெருக்கமாக இருந்தால் நடுவே செங்குத்துச் சரிவு இருக்கிறது.

திரும்பும் வழி. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குபவர்கள் கோடை சீசனில் ஒருவழி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் திருப்பிவிடுவது வழக்கம். மேப் குன்னூரைக் காட்டினாலும் போலீஸ் கை காட்டும் பக்கம்தான் வழி. மைசூருக்கே திரும்புபவர்களுக்கும் ஊட்டியில் மேப் கல்லட்டியைத்தான் நீட்டும். மறுபடியும் கூடலூரை இலக்காக வையுங்கள். ஊட்டி–கூடலூர் 50 கிலோமீட்டர் இறக்கத்தை இரண்டாவது கியரிலேயே இறங்கினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கூடலூரைத் தாண்டியதும் தொரப்பள்ளி செக்போஸ்ட், அங்கிருந்து முதுமலைக் காடு. இரவு 9 மணிக்குள் காட்டை முழுதாகக் கடந்தாக வேண்டும் என்பதால் ஊட்டியில் மாலை 5 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஊட்டியிலோ கூடலூரிலோ அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலை 6 மணிக்குச் செக்போஸ்ட் திறந்ததும் புறப்படுங்கள்.