வந்த வழியே திரும்பும் தோணி

நேற்றுப் பின்னேரம் மட்டக்களப்புக் கல்லடியில், என்னிடம் உயர்தரக் கணிதம் படிக்கிற தம்பி ஒருவன் சாரா நிகழ்ச்சிகள் (ஒன்று நடப்பது மற்றதைப் பாதிக்காதவை) செய்துகொண்டிருந்தவன் பேனையை வைத்துவிட்டு, "சேர், சாராமை என்றால் நிகழ்தகவைப் பெருக்கினால் சரிதானே, வேறென்ன இருக்கு?" என்று கேட்டான். இன்னொரு சாராமை இருக்கிறது. அதைத்தான் நான் வருசக்கணக்கில் விரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டத்தாளை எடுத்தேன். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எந்தப் பக்கமும் நகரலாம். நான்கு நகர்வில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர எத்தனை வழி? இரண்டு பேரும் பென்சிலால் எண்ணினோம், 36. சரி, இப்போது தாளை விட்டுவிட்டு வாவியில் கண்டல் காட்டுக்குள் தோணி விடுவதாக நினைத்துக்கொள், ஒவ்வொரு சந்தியிலும் நான்கு ஓடை, ஆனால் ஒருமுறை பிரிந்த ஓடைகள் பிறகு எங்கேயும் ஒன்றுசேராது, வந்த வழியே திரும்பினால்தான் வீடு என்றேன். எண்ணினால் 28தான் வந்தது. குறைந்த 8 எது என்று அவனே பிடித்துவிட்டான்: கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று ஒரு கட்டத்தைச் சுற்றி வருகிற பாதைகள், முதல் நகர்வுக்கு நான்கு திசை, ஒவ்வொன்றிலும் இடமோ வலமோ.

தாளில் கிழக்கும் வடக்கும் இடம் மாறினாலும் விடை மாறாது, பாடநூல் சாராமை நடக்கிற இடம் அதுதான். ஓடைகளில் வரிசை மாறினால் போய்ச் சேருகிற இடமே வேறு. இந்த நகர்வுகளை ஒப்பரேற்றர்களாக, அதாவது கூட்டவும் பெருக்கவும் கூடிய செயல்களாக எடுத்து, புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிற பங்கைச் சராசரி என்று வைத்தால், கிழக்கு-மேற்கு நகர்வுகளிலிருந்து ஒன்று, வடக்கு-தெற்கு நகர்வுகளிலிருந்து ஒன்று என்று சராசரி பூச்சியமான துண்டுகளை மாறி மாறிப் பெருக்கும்போது பெருக்கத்தின் சராசரியும் பூச்சியம். டான் வொய்குலெஸ்கு என்ற கணிதர் 1980களில் கண்ட கட்டற்ற சாராமை இதுதான். சொன்னால் ஒரு வரி, ஆனால் எவ்வளவு அழகு!

அவர் இதற்குள் வந்தது ஒரு பழைய கேள்வியால். நம் ஓடைகளின் நகர்வுகள்தான் இரண்டு பிறப்பாக்கிகள் (அடிப்படை நகர்வுகள்: கிழக்கு, வடக்கு; மற்ற இரண்டும் அவற்றின் திரும்பல்) உள்ள கட்டற்ற கூட்டம். அதுவும் மூன்று பிறப்பாக்கிகள் உள்ளதும் தருகிற வொன் நொய்மன் அட்சரகணிதங்கள், அதாவது அந்த ஒப்பரேற்றர்களைக் கூட்டி, பெருக்கி, எல்லையும் எடுத்தால் கிடைக்கிற தொகுதிகள், ஒன்றேதானா? கூட்டங்கள் நிச்சயமாக வேறு. கணிதர்கள் முரேயும் வொன் நொய்மனும் 1943இல் இந்த அட்சரகணிதங்களை ஆராய்ந்தார்கள், கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. 1994இல் டைக்கமாவும் ரடுலெஸ்குவும் தனித்தனியே காட்டியது இன்னும் விசித்திரம்: பிறப்பாக்கிகள் இரண்டோ அதற்கு மேல் எத்தனையோ என்றாலும் இவை எல்லாமே ஒன்று, இல்லாவிட்டால் எந்த இரண்டும் ஒன்றல்ல. நடுவில் எதுவும் கிடையாது.

தம்பி ஆறு நகர்வுக்கு எண்ணிப் பார்க்கிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு போனான். தாளில் 400உம் ஓடைகளில் 232உம் வர வேண்டும். விடையைச் சொல்லவில்லை.