ஏஹெச்யூ பிராக்டிகல் டெஸ்டில் நான் கோட்டை விட்ட இடம்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஐடி கட்டடத்தில் ஏசி டெக்னீஷியன் வேலைக்குப் போயிருந்தேன். வாய்க் கேள்வியெல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் ஏஹெச்யூ (ஃப்ளோருக்குக் குளிர்ந்த காற்றை அனுப்பும் பெரிய யூனிட்) ரூமுக்குக் கூட்டிப்போய், காற்றழுத்தம் அளக்கும் மானோமீட்டரைக் கையில் கொடுத்து, "ஃப்ளோர்ல காத்து கம்மியா வருதுங்கறாங்க, என்னன்னு பாருங்க தம்பி" என்றார் அந்த இன்ஜினியர்.

ஃபில்டருக்கு முன் மைனஸ் 20 பாஸ்கல், ஃபில்டருக்குப் பின் மைனஸ் 55, காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்குப் பின் மைனஸ் 115, ப்ளோயர் தாண்டி பிளஸ் 75. (மைனஸ் என்றால் ப்ளோயர் இழுக்கும் பக்கம், பிளஸ் என்றால் தள்ளும் பக்கம்.) நான் யோசிக்கவே இல்லை. "ஃபில்டர் சோக் சார்!" காத்து கம்மி என்றால் ஃபில்டர் என்று அத்தனை சைட்டிலும் கேட்டுப் பழகிய நாக்கு.

அவர் கமிஷனிங் ஷீட்டை, அதாவது மெஷினை முதலில் ஓட்டியபோது எடுத்த ரீடிங்கை, நீட்டினார். மைனஸ் 40, மைனஸ் 100, மைனஸ் 220, பிளஸ் 150. புது ஃபில்டரே அன்று 60 பாஸ்கல் (முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்) இழுத்திருக்கிறது, இப்போது 35தான். அடைத்து சோக் ஆன ஃபில்டர் எப்படிக் குறைவாக இழுக்கும்? வேலை போச்சு.

வீட்டுக்கு வந்து அந்த எட்டு எண்களையும் நோட்டில் எழுதி உட்கார்ந்தேன். காயிலைப் பாருங்கள். அன்று 120, இன்று 60, சரிபாதி. காயிலில் விழும் பிரஷர் ஏறக்குறைய காற்றளவின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 60ஐ 120ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.71. அதாவது காற்று 71 சதவீதம்தான் ஓடுகிறது. (அன்றும் இன்றும் காயில் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நம்ம ஊர் புழுக்கத்தில் ஈரக் காயில் கூடுதலாகத்தான் இழுக்கும்.) ரிட்டர்ன் (ஃபில்டருக்கு முன்), சப்ளை (ப்ளோயர் தாண்டி) இரண்டிலும் அதே பாதி. எங்கேயும் அடைப்பு இல்லை, ப்ளோயர்தான் தள்ளவில்லை. காற்றளவு ப்ளோயர் வேகத்தோடுதான் போகும்; 50 ஹெர்ட்ஸில் 71 சதவீதம் என்றால் 35 ஹெர்ட்ஸ் சொச்சம். யாரோ விஎஃப்டியை (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மேனுவலில் 35ல் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்! பேனல் டிஸ்ப்ளே என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

டெஸ்டுக்குப் போகிறவர்கள் கையையும் பழக்குங்கள். டியூபை வெறுமனே ஓட்டைக்குள் நுழைத்தால் காற்றின் வேகமும் சேர்ந்து ரீடிங் குதிக்கும். டியூபில் மாட்டும் எல் வடிவ டிப்பின் முனை காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டு ஓட்டைகள்தான் ஸ்டேட்டிக்கை, அதாவது வேகம் சேராத அழுத்தத்தை, எடுக்கும். முதலில் ஜீரோ செய்யுங்கள், கதவை மூடிவிட்டு எடுங்கள். காயில் பக்கம் டிரில் போடும்போது உள்ளே காயில் பைப்பின் பெண்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் துளைத்தால் தண்ணீர் உங்கள் மேல்தான். வேலை முடிந்ததும் பிளக் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சக்ஷன் பக்கம் விசில் அடிக்கும்.

ரெண்டு மாதம் கழித்து அம்பத்தூரில் இன்னொரு இன்டர்வியூ. அங்கே பேப்பரில்தான் கேட்டார்கள்: ஃபில்டர் நிஜமாகவே அடைத்தால் இந்த நாலு எண்ணும் எப்படி மாறும்? ஃபில்டருக்குப் பின் மைனஸ் கூடும், காயில் வித்தியாசமும் சப்ளையும் இறங்கும் என்றேன். அடுத்து, "எல்லாமே பாதியா இருக்கு, ஆனா விஎஃப்டி 50லதான் ஓடுது, அப்போ?"

"பெல்ட் வழுக்குதான்னு பாப்பேன் சார். அப்புறம் ஃபேஸ் மாறி ப்ளோயர் உல்டாவா சுத்துதான்னு பாப்பேன். சென்ட்ரிஃப்யூகல் ப்ளோயர் உல்டாவா சுத்தினாலும் காத்து அதே பக்கம்தான் வரும், கம்மியா வரும்."

"எப்போ ஜாயின் பண்றீங்க?" என்றார்.