ஆயிரத்துக்கு நாற்பது கட்டு

போன மாதம் அம்மாவை நினைவுத்திறன் சோதனைக்குக் கூட்டிப்போனோம். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுத்து, கடிகாரம் வரைந்து முள்ளை 11 மணி 10 நிமிடத்தில் வைக்கச் சொன்னார்கள். அம்மா பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்போது 76 வயது. அந்தக் கை பழகியதெல்லாம் கத்தரியும் பீடி இலையும் நூலும்தான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்: "ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டும்மா?"

"நாப்பது. ஏட்டி, இதக் கேக்கதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?"

எங்கள் பக்கம் 25 பீடி ஒரு கட்டு. கணக்கு சரி.

அதற்காக அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்கிறாள். ஆனால் எழுதிப் பழகாதவளை எழுதுகோலை வைத்து அளந்தால் எது மறதி, எது பழக்கமின்மை என்று எப்படிப் பிரிப்பது? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே 1990களில் ஒரு சோதனையை இந்தியில் உருவாக்கினார்கள். அந்த அக்கறை எல்லா மேசைக்கும் வந்து சேரவில்லை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு, படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். அம்மா மூன்றிலும் இருக்கிறாள்.

இப்போது யோசித்தால், முதலில் போனது ஞாபகம் இல்லை, காது. எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஐந்து பெண்கள் தட்டும் மடியுமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். தெருவின் கல்யாணம், கடன், சண்டை எல்லாம் அங்கேதான் அலசப்படும். பேச்சு பிடிபடாமல் அம்மா எல்லோரும் சிரித்து முடித்தபிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளறைக்குள் போய்விட்டாள். அப்புறம் அண்ணன் பைக் ஏற்றத் தோதாகத் திண்ணையை இடித்துச் சரிவு போட்டான். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். நாங்களும் நம்பினோம், நான்கு வருடம். இரண்டாவதாகப் பார்த்தவர்தான் பி12, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். பி12 குறைந்தாலோ தைராய்டு சரியில்லாவிட்டாலோ கூட ஞாபகம் தடுமாறுமாம். அவற்றுக்கு மருந்து உண்டு. அம்மாவுக்கு இரண்டும் சரியாக இருந்தன. பிரஷர்தான் 170. காதில் இறுகிக்கிடந்த அழுக்கை எடுத்துவிட்டுக் கேட்கும் திறனை அளந்தால், இரண்டு காதிலும் பாதிக்குமேல் இல்லை.

லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் மறதி நோய்க்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, சிறுவயதில் படிப்பில்லாமை எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறார்கள். காது மிஷின் மாட்டினால் மறதி ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று வருடம் பார்த்தும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களிடம் மட்டும் சரிவு பாதியாகக் குறைந்திருந்தது.

பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வருவதால் அந்தக் கவலை இல்லை. வருகிற பெண் வாசலில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கும்போது, "ஆச்சி, காது நல்லா கேக்கா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனை வீட்டில் நான்கு வருடம் மிச்சமாகும்!

மாத்திரையை எடுத்துக்கொடுத்து காலண்டரில் கோடு போடுவது மதினி. உப்பு டப்பாவை ஒளித்து வைப்பதும் மதினி. அவளுக்கு லீவு கிடையாது. நான் கோவையிலிருந்து மாதம் ஒருநாள் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகிறவள்.

அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கினோம். முதல் மாதம் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். கூவென்று இரைகிறதாம். சத்தத்தைச் சரிபண்ண மூன்று தடவை திருநெல்வேலிக்கு அலைந்தோம். இப்போது சாயங்காலம் எதிர்வீட்டு நடையில் போய் உட்காருகிறாள். சுற்றுவதில்லை, மற்றவர்கள் சுற்றியதை எண்ணிக் கட்டுப் போடுகிறாள். சில நாள் எண்ணிக்கை தப்புகிறது, அவர்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொள்கிறார்கள்.

மதினி "அத்தே, குளிச்சாச்சா?" என்று ஆரம்பித்தால் மட்டும் அம்மாவின் கை காதுக்குப் போகிறது. மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அது மட்டும் ஒருநாளும் மறப்பதில்லை.